பழைய காரில் புது இன்ஜின்: பாவமா, புண்ணியமா?

பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் ஒரு கண்காட்சி. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1971-ம் வருடத்து டாட்சன் 240இசட் ஒன்று வந்து நிற்கிறது. நீண்ட மூக்கு, குட்டையான பின்புறம், பார்த்தவுடன் பிடித்துப் போகும் உருவம். கூட்டம் கூடுகிறது. உரிமையாளர் பானட்டைத் தூக்குகிறார். உள்ளே இருப்பது அந்தக் காரோடு பிறந்த இன்ஜின் அல்ல. இருபது வருடம் கழித்து வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் இரட்டை டர்போ இன்ஜின்!

பாதிப் பேர் கைதட்டுகிறார்கள். மீதிப் பேர் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நகர்கிறார்கள்.

யார் பக்கம் நியாயம்? பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை நேசிப்பவர்களிடையே பல வருடங்களாக நடந்துவரும் பட்டிமன்றம் இது. இரண்டு பக்கமும் கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு என்பதுதான் உண்மை. எங்கே சரி, எங்கே தப்பு என்று பார்க்கலாம்.

"அசல்" என்பது எது?

முதலில் தூய்மைவாதிகளின் வாதம். "கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு நட்டைக் கூட மாற்றக் கூடாது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார்களின் சரித்திரத்தைப் புரட்டினால் இந்த வாதம் சீக்கிரமே ஆட்டம் காண்கிறது.

ஏசி கோப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள் (ஏசி என்றால் இங்கே குளிர்சாதனம் அல்ல, இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர்!). அதன் தாய் 1953-ல் வந்த ஏசி ஏஸ். முதலில் அதில் இருந்தது ஏசி கம்பெனியின் சொந்த இன்ஜின், முதல் உலகப்போர் முடிந்த காலத்து டிசைன். பிறகு பிரிஸ்டல் கம்பெனியின் இன்ஜின் வந்தது. அதுவும் அவர்கள் புதிதாக யோசித்ததல்ல, ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 328 காரிலிருந்து வழிவந்தது. பிரிஸ்டல் தன் இன்ஜின் உற்பத்தியை நிறுத்தியபோது ஃபோர்டின் ஆறு சிலிண்டர் இன்ஜினை வைத்துப் பார்த்தார்கள். கடைசியாக 1962-ல் அமெரிக்க ரேஸ் ஓட்டுநர் கரோல் ஷெல்பி அதே காருக்குள் ஃபோர்டின் வி8 இன்ஜினைத் திணித்தார். அதுதான் கோப்ரா. இன்று கோடிக்கணக்கில் விலை போகும் அந்தக் காரே ஒரு "இன்ஜின் மாற்றிய கார்" தான்!

டாட்சன் 240இசட் கதையும் இதே மாதிரிதான். 1969-ல் இந்தக் கார் அறிமுகமானபோது அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், எல்24 இன்ஜின் வைத்தது. ஆனால் ஜப்பானுக்குள் நிசானே வேறு ஒரு காரியம் செய்தது. தன்னுடைய முதல் ஸ்கைலைன் ஜிடி-ஆரில் இருந்த எஸ்20 என்ற ரேஸ் ரத்தம் ஓடும் இன்ஜினை எடுத்து இதே உடம்பில் பொருத்தி ஃபேர்லேடி இசட்432 என்ற பெயரில் விற்றது. சிலிண்டருக்கு 4 வால்வு, 3 கார்புரேட்டர், 2 கேம்ஷாஃப்ட். அதனால் 432.

அப்படியென்றால் ஜிடி-ஆர் இன்ஜினை இசட் காரில் வைப்பது நிசான் தொடங்கி வைத்த வழக்கம். கம்பெனி செய்தால் சரித்திரம், தனி மனிதன் செய்தால் பாவமா?

ஒன்றை மாற்றினால் ஒன்பது மாறும்

சரி, அப்படியானால் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டலாமா? இங்கேதான் மாற்றம் செய்பவர்கள் பக்கமும் ஓட்டை விழுகிறது.

இன்ஜின் மாற்றுவது பழைய பல்பைக் கழற்றிப் புது பல்பு மாட்டுகிற வேலை இல்லை. 240இசட்டில் ஆர்பி26 இன்ஜினைப் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். ஜிடி-ஆர் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கும் கார். அதனால் முன் சக்கரங்களுக்கான டிஃபரென்ஷியல் இன்ஜினின் ஆயில் சம்ப்போடு சேர்ந்தே இருக்கும். 240இசட்டோ பின் சக்கரங்களால் ஓடும் கார். எனவே அந்தச் சம்ப்பைக் கழற்றி, பின் சக்கர வண்டிக்கான வேறு ஆர்பி இன்ஜினின் சம்ப்பை மாட்ட வேண்டும். இது வெறும் ஆரம்பம்.

இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். கியர்பாக்ஸ் மாறும். அது மாறினால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வருவதால் பெட்ரோல் பம்ப், டேங்கிலிருந்து வரும் குழாய்கள், ஒயரிங் எல்லாம் புதிது. டர்போவுக்கு இன்டர்கூலர் வேண்டும். அதற்கு இடம் தேடி முன்பக்கத் தகட்டில் பலர் ரம்பத்தை வைக்கிறார்கள்.

அதோடு முடிந்ததா? எல்24 இன்ஜினுக்கு அன்று சொல்லப்பட்ட சக்தி 151 குதிரைத்திறன். அந்தக் கால அமெரிக்கக் கணக்கு என்பதால் அதுவும் கொஞ்சம் தாராளமான எண். ஆர்பி26-க்கு நிசான் அதிகாரப்பூர்வமாகச் சொன்னது 280. அதையும் தாண்டி ஏற்றுவதற்காகவே பலர் அதை வாங்குகிறார்கள். ஆனால் அந்த உடம்பு சுமார் ஒரு டன் எடைக்கு, 1960களின் கணக்குப்படி செய்யப்பட்டது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். பின் டிஃபரென்ஷியலும் சிறியது. பழைய இசட் கார்களின் அடிப்பாகத்தைத் துரு அரிப்பது ஊரறிந்த விஷயம். துருப்பிடித்த எலும்புக்கூட்டில் இரண்டு மடங்கு பலத்தை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஷெல்பியின் ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் கோப்ராவிலேயே பின் டிஃபரென்ஷியலைப் பலமானதாக மாற்றினார்கள். 1965-ல் 7 லிட்டர் இன்ஜின் வைத்தபோது சேஸிஸையே புதிதாகத் தடித்த குழாய்களில் செய்து, பழைய பட்டை ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டார்கள். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கை மறப்பவர்கள் ஷெல்பியின் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தகுதியில்லாதவர்கள்.

நாளைக்கு எது பொக்கிஷம் ஆகும்?

இன்னொரு சிக்கல் இருக்கிறது. இன்று யாரும் சீண்டாத கார் நாளை பொக்கிஷமாகலாம்.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் ரேஸில் ஓடி ஓய்ந்த ஃபெராரிகளுக்கு மரியாதை இல்லை. அவை வெறும் தேய்ந்து போன பழைய வண்டிகள். இத்தாலிய இன்ஜின் உடைந்தால் சரிசெய்ய ஏகப்பட்ட செலவு. செவ்ரோலே வி8 இன்ஜினோ மலிவாகக் கிடைத்தது. எனவே சிலர் ஃபெராரி இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு செவ்ரோலேயைப் பொருத்தி ஓட்டினார்கள். அன்றைய கணக்கில் அது புத்திசாலித்தனம். பிற்காலத்தில் அந்தக் கார்களை வாங்கியவர்கள் கழற்றிப் போட்ட இன்ஜினைத் தேடி உலகம் முழுக்க அலைய வேண்டியதாயிற்று. உடம்பின் எண்ணும் இன்ஜினின் எண்ணும் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை.

அவர்கள் செய்த தப்பு இன்ஜினை மாற்றியது அல்ல. பழையதைத் தொலைத்ததுதான்.

இந்த விவகாரத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. மாற்றலாமா கூடாதா என்பது தவறான கேள்வி. மாற்றிய பிறகு திரும்பி வர வழி இருக்கிறதா என்பதே சரியான கேள்வி.

ஜாகுவார் கம்பெனி 2017-ல் தன்னுடைய பழைய இ-டைப் காரை மின்சாரக் காராக மாற்றிக் காட்டியது. 1961-ல் பிறந்த அந்த அழகிக்கு மோட்டாரா என்று பலர் கொதித்தார்கள். ஆனால் ஜாகுவார் செய்த ஒரு காரியம் கவனிக்கத் தக்கது. பேட்டரியும் மோட்டாரும் பழைய இன்ஜினும் கியர்பாக்ஸும் இருந்த இடத்திலேயே, ஏறத்தாழ அதே எடையில் உட்காரும்படி செய்தார்கள். உடம்பை வெட்டவில்லை. வேண்டுமென்றால் பெட்ரோல் இன்ஜினைத் திரும்பவும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா, இப்படி மின்சாரத்துக்கு மாறிய கார்களைச் சரித்திர வாகனமாக ஏற்றுக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட அமைப்பே 2019-ல் சொன்னது என்ன? மாற்றியே தீருவேன் என்பவர்கள் திரும்பப் பெறக்கூடிய முறையில் மாற்றட்டும், கழற்றிய பாகங்களை அடையாளமிட்டுப் பத்திரமாக வைக்கட்டும் என்றுதான்.

மூன்றே மூன்று விதிகள்

ஆக, நியாயமான வழி இதுதான்.

ஒன்று, எண்ணிக்கையைப் பாருங்கள். 240இசட்டும் அதன் உடன்பிறப்புகளுமாக 1978 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அவற்றில் இன்ஜின் ஏற்கனவே போய்விட்ட, ஓரத்தில் கிடந்து துருப்பிடிக்கும் ஒரு வண்டிக்குப் புது உயிர் கொடுத்தால் அது புண்ணியம்தான். இசட்432 செய்யப்பட்டதோ சில நூறு மட்டுமே. அதில் கை வைப்பது கல்வெட்டில் பெயர் கிறுக்குவதற்குச் சமம்.

இரண்டு, ஸ்பேனரால் செய்ய முடிந்ததை ரம்பத்தால் செய்யாதீர்கள். போல்ட்டில் மாட்டியதைக் கழற்றலாம். வெட்டிய தகடு வெட்டியதுதான். வெட்டாமல் முடியாது என்றால் அந்த இன்ஜின் அந்தக் காருக்கு ஏற்றதல்ல என்று அர்த்தம்.

மூன்று, கழற்றிய இன்ஜினைக் காரோடு வைத்திருங்கள். விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள். என்னென்ன மாற்றினோம் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

"என் காசு, என் கார், நீ யார் கேட்க?" என்று ஒருவர் கேட்கலாம். சட்டப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஐம்பது வருடம் தாண்டிய ஒரு கார் எத்தனையோ கைகள் மாறித்தான் இவர் கைக்கு வந்திருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு துண்டாக வெட்டியிருந்தால் இவருக்கு மாற்றுவதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. இவருக்குப் பிறகும் ஒருவர் வருவார்.

"அசலைத் தவிர எதுவும் வேண்டாம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போர்வை போர்த்தி ஷெட்டில் பூட்டி வைத்த காரைத் துரு விட்டு வைப்பதில்லை. ஓடுவதற்காகச் செய்த வண்டி ஓடிக்கொண்டிருந்தால்தான் அடுத்த தலைமுறைக்கு அதன் மேல் ஆசை வரும்.

ஆகவே, அடுத்த முறை யாராவது ஒரு பழைய காரின் பானட்டைத் தூக்கிப் புது இன்ஜினைக் காட்டினால் உடனே கைதட்டவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய இன்ஜின் எங்கே இருக்கிறது?"

"வீட்டில், கிரீஸ் தடவிப் பத்திரமாக" என்று பதில் வந்தால் தாராளமாகக் கைதட்டலாம்.