தோசைக்கல்லும் தராசும்

வன்னியில் ஒரு பழைய தோசைக்கல்லின் விலையை இன்று இருவர் தீர்மானிக்கின்றனர். ஒருவர், லொறியில் தராசுடன் வந்திறங்கும் பழைய இரும்பு வியாபாரி. மற்றவர், கோடை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்து, அடுப்படியைக் கண்டதும் கண்கலங்கும் உறவினர். முன்னவர் கொடுப்பது அநியாய விலை. பின்னவர் கொடுப்பது விலையே அல்ல, அன்பளிப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே நியாய விலை என்று ஒன்று உண்டென்பதும், அதைக் கணக்கிட நிபுணர் எவரும் தேவையில்லை என்பதுமே என் வாதம்.

பரந்தனில் 'பழைய இரும்பு' என்பது சாதாரணச் சொல்லல்ல. 1950களில் எழுந்து, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த இரசாயனத் தொழிற்சாலை 1985இல் போரினால் நின்றுபோய், எலும்புக்கூடானது. 1996, 1998, 2000, 2009 என்று படைகள் மாறிமாறி இப்பகுதியால் போய் வந்தன. ஒவ்வொரு இடப்பெயர்விலும் மக்கள் முதலில் சுமந்ததும், வழியில் முதலில் கைவிட்டதும் பாரமான பாத்திரங்களையே. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் 2009இல் கிடந்த வாகனங்களும், சைக்கிள்களும், தாச்சிகளும் ஒரே பெயர் பெற்றன: கழிவிரும்பு. மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டவர்கள் பலர் தங்கள் வளவில் அம்மியையும் உரலையும் தவிர வேறொன்றையும் காணவில்லை. அப்படியிருந்தும் தப்பிய, அல்லது மண்ணுக்குள் புதைத்து வைத்து மீட்ட ஒரு கல்லைத்தான் இன்று கிலோக் கணக்கில் கேட்கிறார்கள்.

எடைக்கு விலை என்ற கொள்கை தன்னளவில் தவறல்ல. உருக்கப்படப் போகும் பொருளுக்கு எடையைத் தவிர வேறு பெறுமதியில்லை. ஆனால் நல்ல தோசைக்கல்லை எந்த வியாபாரியும் உலைக்கு அனுப்புவதில்லை. ஒதுக்கி வைத்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் பூசிப் பாத்திரமாகவே விற்கிறார். வாங்கும்போது இரும்பு, விற்கும்போது பாத்திரம்! இந்த இரட்டைக் கணக்கைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நியாயமான கணக்கு எளியது. அந்தக் கல்லை உருக்கினால் கிடைக்கும் விலை கீழெல்லை. அதே கனத்தில், அதே அகலத்தில் புதியதொன்றைக் கிளிநொச்சிக் கடையில் வாங்கினால் ஆகும் விலை மேலெல்லை. புதியது ஆறாயிரம் ரூபா என்றும், எடைக்கு அறுநூறு ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். பழையதன் விலை இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்பதைக் கல்லின் நிலைதான் சொல்ல வேண்டும், கேட்பவரின் லொறியோ விற்பவரின் வறுமையோ அல்ல.

நிலையை அறிவது எப்படி? விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். முழுமையான வார்ப்பு மணிபோல நீண்டு ஒலிக்கும். கீறல் விழுந்தது மொட்டையாக அடங்கும். வார்ப்பிரும்பில் கரி இரண்டு சதவீதத்துக்கும் மேல் இருப்பதால் அது வளையாது, உடையும். கீறலைச் சாதாரண ஒட்டுவேலையால் நம்பத்தக்கதாகச் சரிசெய்ய முடியாது. எனவே கீறிய கல்லுக்கு எடை விலைதான். சமதளத்தில் வைத்தால் ஆடுகிறதா என்பது அடுத்தது. துருவைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். மேலோட்டமான துரு தேய்த்தால் போகும்; எண்ணெய் பூசிச் சூடாக்கினால் கல் மறுபடி பழகும். வியாபாரி முதலில் சுட்டிக்காட்டுவது அந்தத் துருவையே என்பதைக் கவனியுங்கள். அவர் பேசாமல் விடுவது வேறொன்று: எரிந்த வீட்டின் நெருப்பில் நெடுநேரம் கிடந்த இரும்பு செம்மை படர்ந்து, செதிலெழும்பி, எண்ணெயைப் பிடிக்காமல் போகக்கூடும். வன்னியில் எரிந்த வீடுகளுக்குக் குறைவில்லை.

இன்னொன்று. எங்கிருந்து வந்ததென்று தெரியாத சட்டியைச் சமையலுக்கு எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள் ஈயத்தை உருக்குவது இத்தகைய இரும்புச் சட்டிகளில்தான். அந்த ஈயம் கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போனதென்று உறுதி சொல்ல முடியாது.

இனி நமது வெளிநாட்டு உறவினர். அமெரிக்காவில் 1865இல் தொடங்கி 1957இல் மூடப்பட்ட கிரிஸ்வோல்ட் வார்ப்பாலையின் சட்டிகளைச் சேகரிப்போர் நூற்றுக்கணக்கான டொலர் கொடுக்கின்றனர். அதை வாசித்துவிட்டு இங்கு வந்து ஒவ்வொரு தாச்சியையும் 'அன்டிக்' என்கிறார்கள். அங்கும் பழமைக்கு விலையில்லை, அருமைக்கே விலை. சாதாரண அளவுச் சட்டிகள் அங்கேயும் மலிவுதான். நமது கற்களில் பெரும்பாலானவற்றில் வார்த்தவர் பெயரே கிடையாது. சட்டப்படி பார்த்தாலும், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. அம்மம்மாவின் தோசைக்கல் அந்தக் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தை. (அம்மம்மாவின் கல்லுக்கு அவர் எவ்வளவும் கொடுக்கட்டும், அது அவருக்கும் அம்மம்மாவுக்கும் இடையிலான விவகாரம். அதை ஊரின் சந்தை விலையென்று சொல்லித் திரிவதுதான் பிழை. மறுநாள் அப்பக்கடை போட ஒரு கல் தேடும் அயல்வீட்டுக்காரியிடமும் அதே விலையல்லவா கேட்கப்படும்?)

இவ்வளவு சின்ன விடயத்துக்கு இத்தனை கோபமா என்று ஒரு நண்பர் கேட்டார். போரில் கணவனை இழந்து, காலையில் தோசையும் மாலையில் அப்பமும் சுட்டு விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு அந்தக் கல் தொழிற்கருவி. நுண்கடன் தவணை வந்து வாசலில் நிற்கும் வாரத்தில் விற்பதற்குக் கையில் இருப்பதும் அதுவே. எடை விலைக்கு அதைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் புதியதற்குப் பத்து மடங்கு கொடுக்க வேண்டியவர் அவர். 2022இல் ரூபா சரிந்தபின் புதிய பாத்திரம் அவருக்கு எட்டாக்கனி. தலைக்கனமான நகைக்கு அடகுகடை உண்டு, தோசைக்கல்லுக்கு லொறிக்காரரைத் தவிர யாருமில்லை.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இவ்விடத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. புதிய கல், தாச்சி, அப்பச்சட்டி ஆகியவற்றின் கடை விலையையும், அன்றைய கழிவிரும்பு விலையையும் மாதமொருமுறை ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடலாம். செலவு ஒரு சுண்ணக்கட்டி. அதற்குமுன், லொறியில் வருபவரின் தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று யாராவது ஒருவர் சத்தமாகக் கேட்கட்டும்.