ஒரு டம்ளர் காப்பிக்கு ஓர் எந்திரமா?

பொழுது விடியும் முன்பே ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் தறிச் சத்தம் தொடங்கிவிடும்.

பட்டுச்சேலை நெய்பவருக்கு நெய்த அளவுக்குத்தான் கூலி. எழுந்து போனால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆகவே காப்பி தறிக்கே வரவேண்டும்.

கொண்டு வருபவர் யார்? பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். தார் சுற்றுவதும் அவர். அடுப்பு மூட்டுவதும் அவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவரே.

இத்தகைய வீட்டில், பொத்தானை அழுத்தியதும் ஒரே ஒரு டம்ளர் காப்பி தரும் எந்திரம் இருந்தால் வசதிதானே?

எப்படி வந்தது?

சுவிட்சர்லாந்து நாட்டு எஞ்சினீயர் எரிக் பாவ்ரே 1976-ல் இந்த முறையைக் கண்டுபிடித்தார். 'நெஸ்பிரசோ' என்ற பெயரில் 1986-ல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் டெல்லியில் அதன் கடையும் திறக்கப்பட்டது.

ஒரு சிறு அலுமினியக் குப்பிக்குள் 5, 6 கிராம் காப்பித்தூள் அடைத்திருக்கும். அதை எந்திரத்தில் போட்டால் ஊசி துளையிடும். வெந்நீர் வேகமாகப் பாயும். ஒரு நிமிடத்துக்குள் காப்பி தயார்!

மின்சாரச் செலவு பெரிதல்ல. 1,500 வாட் எந்திரம் ஒரு நிமிடம் ஓடினால், 40 டம்ளருக்கு ஒரு யூனிட்தான் ஆகும். செலவெல்லாம் குப்பியில்தான். ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு புதுக் குப்பி வாங்கவேண்டும். எந்திரம் ஒரு நாள் செலவு, குப்பியோ தினச்செலவு!

பால் எங்கே?

இன்னொரு சங்கடமும் உண்டு. சாதாரண எந்திரம் தருவது கறுப்புக் காப்பி. நமக்கோ பால் வேண்டும். பாலை அடுப்பில் தனியாகக் காய்ச்சத்தான் வேண்டும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து முறை குப்பியை மாற்றவேண்டும். பிறகு மிச்சமான நேரம் எங்கே?

ஏழையின் குப்பி

நம் நாட்டில் ஒரு டம்ளர் காப்பிக்கு வேறு வழி முன்பே வந்துவிட்டது. அதுதான் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சிறு பொட்டலம். ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழைகளுக்கும் எட்டச் செய்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அந்த வழியில் காப்பியும் வந்தது.

கையில் இருக்கும் சில்லறைக்கு வாங்கலாம்; நல்லதுதான். ஆனால் தினமும் வாங்குபவர் எடையைப் பார்க்கவேண்டும். பத்துப் பொட்டலத்தின் விலையையும் எடையையும் கூட்டி, பெரிய பாக்கெட்டுடன் ஒப்பிட்டால் உண்மை தெரியும். சிக்கரி கலந்த தூளில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கையும் பாக்கெட்டின் மேல் பார்க்கலாம்.

உலகச் சந்தையில் 'அராபிகா' காப்பிக்கொட்டை விலை, 1977-ல் ஏறிய உச்சத்தை 2024 டிசம்பரில் தாண்டியது. இப்படி விலை ஏறும் காலத்தில் இந்தக் கணக்கு மிகவும் அவசியம்.

குப்பை யாருக்கு?

அமெரிக்காவில் இதுபோன்ற பிளாஸ்டிக் குப்பி முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜான் சில்வன். குவியும் குப்பையைக் கண்டு, அதை ஏன் உருவாக்கினோம் என்று சில நேரம் வருந்துவதாக அவரே 2015-ல் சொன்னார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம், அரசுப் பணத்தில் இக்குப்பிகளை வாங்கக்கூடாது என்று 2016-ல் தடை விதித்தது. நம் ஊரில் காப்பிப் பொட்டலத்தின் உறையும் சாக்கடையில்தான் சேருகிறது.

பித்தளை பில்டரின் வசதி

நம் பில்டர் மட்டும் என்ன குறைந்தது? இரவில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால், வீடே தூங்கும்போது அது வேலை செய்கிறது. காலையில் எல்லோருக்கும் டிகாக்‌ஷன் தயார். சக்கையோ செடிக்கு உரம்!

எந்திரம் வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கட்டும். தனியாக வாழ்பவருக்கும் முதியவருக்கும் அது உதவலாம். ஆனால் குடும்பத்துக்கு வேண்டிய வசதி அதில் இல்லை.

இரவில் பில்டரில் தூள் போட ஐந்து நிமிடம் போதும். அதை மகனும் செய்யலாம். தறியை விட்டு எழுந்த கணவரும் செய்யலாம். செய்தால், விடியற்காலையில் அந்த வீட்டுப் பெண் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்குவார்.

அதைவிடப் பெரிய வசதியை எந்த எந்திரம் தரும்?