நரிக்கு எந்தத் துப்பாக்கி?

யூடியூபில் "ஏர் கன்" என்று ஒரே ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த ஒரு வாரத்துக்கு உங்க ஃபீடில் யாரோ ஒரு அமெரிக்காக்காரர் பனியில் உட்கார்ந்து நரி சுட்டுக்கிட்டே இருப்பார். எந்தக் காலிபர், எந்த ஸ்கோப், குண்டு எத்தனை கிரெயின் என்று பொறுமையாக விளக்குவார். அதைப் பார்த்துட்டு நம்ம ஹாஸ்டலிலும் பேச்சு ஓடுது. "ஊர்ல கோழியைக் கீரி தூக்கிட்டுப் போவுது, ஆட்டுக்குட்டியை நரி இழுத்துட்டுப் போவுது. ஒரு ஏர் கன் வாங்கிப் போட்டா என்னடா?"

இந்தக் கேள்வியைக் கேலி பண்ண எனக்கு மனசு வரல. இங்க படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் வீட்ல ஆடு, கோழி இருக்கு. ஒரு வெள்ளாட்டுக் குட்டி போச்சுன்னா அது ஒரு செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் போன மாதிரி. அதனால கேள்வியை நேராகவே எடுத்துக்கிட்டு, இன்ஜினியரிங் பசங்க மாதிரி கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடையை முதலிலேயே சொல்லிடறேன்: சிறுவாச்சூரைச் சுற்றித் திரியும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் கீரிக்கும் பொருத்தமான துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. பொருத்தமான கூண்டு உண்டு.

முதலில் அந்த வீடியோக்காரர் எதை வைத்துத் தேர்வு செய்கிறார் என்று பாருங்க. அங்கே நரியைச் சுடுவது பெரும்பாலும் ரோமத் தோலுக்காக, இல்லைன்னா பண்ணையைக் காப்பாத்த. தோலை விற்கணும்னா அதில் பெரிய ஓட்டை விழக் கூடாது. ஆனால் மிருகமும் உடனே சாகணும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அவங்க தேர்வு நடக்குது. பாயின்ட் 17 எச்எம்ஆர் என்ற சின்னத் தோட்டா சுமார் 330 ஜூல் சக்தியோடு கிளம்பும். பாயின்ட் 223 சுமார் 1,700 ஜூல். முதலாவது பக்கத்துல இருக்கிற சின்ன நரிக்கு, ரெண்டாவது தூரத்துல நிக்கிற கொயோட்டிக்கு. இந்தக் கணக்குக்குப் பின்னால நாலு விஷயம் மறைஞ்சு இருக்கு: வேட்டைக்கு அரசு அனுமதிச்ச சீசன், கையில் லைசென்ஸ், தோல் வாங்க ஒரு மார்க்கெட், குண்டு தப்பினாலும் போய்ப் புதையறதுக்கு ஆள் இல்லாத ஒரு மேடு. நம்ம ஊரில் இந்த நாலில் ஒண்ணு கூடக் கிடையாது.

இப்போ நம்ம கைக்கு எட்டுறதைப் பார்ப்போம். 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத குழல், 20 ஜூலுக்கு மிகாத சக்தி உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அந்த 20 ஜூல் என்றால் என்ன? அரை கிராம் எடையுள்ள பெல்லட் ஒன்று வினாடிக்கு சுமார் 280 மீட்டர் வேகத்தில் கிளம்புவது. கேட்க பயங்கரமாத்தான் இருக்கும். ஆனால் சாதாரண பாயின்ட் 22 தோட்டாவே சுமார் 140 ஜூல். அதில் ஏழில் ஒரு பங்குதான் இது. அதுவும் குழல் வாயில். 50 மீட்டர் போறதுக்குள்ள காற்று அதில் ஒரு நல்ல பங்கைத் தின்னுடும். எதிரில் நிற்பது 8, 10 கிலோ எடையுள்ள நரி. அடி பட்டால் அது சாகாது. பெல்லட்டை உடம்பில் சுமந்துக்கிட்டு ஓடிப் புதருக்குள் போய் சீழ் பிடிச்சு, பல நாள் கழிச்சு சாகும். இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளை எலிக்கும் முயலுக்கும்தான் எடுக்கிறாங்க, நரிக்கு எடுக்கிறதில்லை. காரணம் இதுதான்.

"அப்போ பெரிசா எடுப்போம்" என்று அடுத்த கேள்வி வரும். 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படிச்சா ஒரு சுவாரசியம் இருக்கு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வரியில்லாத் துப்பாக்கிக்குத் தரலாம் என்று அதில் இருக்கு. அதாவது நாட்டுத் துப்பாக்கியும் 12 போரும். 12 போரில் சின்னச் சின்ன ரவைகள் போகும். 35, 40 மீட்டருக்கு மேல் அவை சிதறிப் போயிடும். நரி அவ்வளவு பக்கத்துல வந்து நிக்கணும். நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்தும் பால்ரஸும் போட்டு இடிக்கணும். ஒரு குண்டு போனா அடுத்தது கெட்டிக்கிறதுக்குள்ள நரி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். மருந்து கொஞ்சம் கூடினால் குழல் வெடித்துச் சுடுறவர் கைதான் போகும். லைசென்ஸ் இல்லாத பட்டறையில் செய்த குழாய்க்கு மெட்டீரியல் டெஸ்டிங் சர்டிபிகேட் யாரும் தர்றதில்லை.

ரைஃபிள் என்றால் இன்னொரு தலைவலி. பாயின்ட் 22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை போகும் என்று எச்சரிக்கை அச்சடிச்சிருப்பாங்க. நம்ம சிறுவாச்சூரை மனசுல ஓட்டிப் பாருங்க. ஒரு பக்கம் திருச்சி - சென்னை நெடுஞ்சாலை, திங்களும் வெள்ளியும் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வர்ற கூட்டம், மக்காச்சோளக் காட்டில் ராத்திரி தண்ணி பாய்ச்சுறவங்க, ஏரிக்கரையில் கிடை போட்டிருக்கிறவங்க. எந்தத் திசையில் சுட்டாலும் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கான்.

இவ்வளவு கணக்குப் போட்டும் நான் இன்னும் சட்டத்துக்கு வரல. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ நரியும் குள்ளநரியும் எலி, காக்காயோடு சேர்த்து தீங்குயிர் பட்டியலில்தான் இருந்தன. யார் வேணா அடிக்கலாம். பிறகு அவற்றை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்தாங்க. 1991 திருத்தம் வேட்டைக்கான தடையை விரிவாக்கியது. 2022 திருத்தத்தில் நரியும் வங்காநரியும் முதல் அட்டவணைக்கே போயிடுச்சு. புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. அதில் உள்ள விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில்; அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். காட்டுப்பூனை, கீரி, மரநாய் எல்லாமும் சட்டப் பாதுகாப்பில்தான் இருக்கு. "வேட்டை" என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் சுடுவது மட்டும் இல்லை. சுருக்கு வைப்பது, விஷம் வைப்பது, இரை வைத்துப் பிடிப்பது, முயற்சி செய்வது கூட வேட்டைதான். ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அதை வைத்து எதை வேணா சுடலாம் என்று அர்த்தம் இல்லை. ப்ளேஸ்மென்ட் நேரத்தில் போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தால் இந்த வித்தியாசம் நல்லாப் புரியும்.

காட்டுப்பன்றி விஷயத்தில் கூட அரசு துப்பாக்கியை விவசாயி கையில் கொடுக்கல. 2025 ஜனவரியில் எடுத்த முடிவுப்படி, காப்புக்காட்டு எல்லையில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம். சுடுவது வனத்துறை ஆட்கள். பன்றிக்கே இப்படி என்றால் நரிக்கு என்னன்னு யோசிச்சுக்கோங்க.

இங்கேதான் எனக்கு உறுத்துற ஒரு விஷயம். இந்த மண்ணில் நரி வேட்டையை உண்மையாகத் தெரிஞ்சவங்க ஒரே ஒரு கூட்டம்தான்: நரிக்குறவர்கள். பெயரிலேயே நரி இருக்கு. வாக்ரிபோலி பேசும் அவங்களுக்குத் தடம் பார்க்கத் தெரியும், நரி மாதிரியே ஊளையிட்டு அதை அழைக்கத் தெரியும், நாட்டுத் துப்பாக்கியைப் பராமரிக்கத் தெரியும். நம்ம பெரம்பலூர் மாவட்டத்திலேயே எறையூரிலும் மலையப்ப நகரிலும் அவங்க குடியிருப்புகள் இருக்கு. 1972 சட்டமும் அதற்குப் பிறகு வந்த திருத்தங்களும் சேர்ந்து அவங்க தொழிலைக் குற்றமாக்கிடுச்சு. ஊசி, பாசிமணி விற்கப் பேருந்து நிலையங்களுக்கு வந்தாங்க. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ரொம்ப காலம் போராடி, அதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். தலைமுறை தலைமுறையாய் வயித்துப் பாட்டுக்கு வேட்டையாடினவங்க சட்டத்துக்காகத் துப்பாக்கியை இறக்கி வெச்சாங்க. மாற்று வேலையும் சரியாக் கிடைக்கல. அவங்க கையில இருந்தா கேஸு, ஆன்லைனில் ஆர்டர் பண்ணி நம்ம கையில இருந்தா ஹாபியா? இந்தக் கேள்விக்கு ஏர் கன் ஆசைப்படுற யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

துப்பாக்கி கிடைக்காத இடத்தில் வேற கொடுமைகள் நடக்குது என்பதையும் மறைக்க வேண்டாம். 2020 ஜூனில், நம்மிடமிருந்து அதிக தூரமில்லாத திருச்சி ஜீயபுரம் பக்கம், இறைச்சிக்குள் நாட்டு வெடி வைத்து ஒரு நரியைக் கொன்றதாக 12 பேர் கைதானாங்க. வாய் சிதறி சாகும் சாவு அது. அவுட்டுக்காய் என்று நம்ம பக்கம் சொல்லும் அந்தச் சாமானுக்கு நரி, நாய், மாடு என்ற பேதம் தெரியாது. மேய்ச்சலுக்குப் போன பசுவும் கடிச்சிடும். வேலியில் திருட்டு கரண்ட் விடுறதும் அப்படித்தான். அதில் செத்த மனுஷங்களைப் பற்றிய செய்தி வராத வருஷமே இல்லை. துப்பாக்கி வேண்டாம் என்று நான் சொல்றது இந்த ரெண்டுக்கும் வழி விடுறதுக்காக இல்லை.

அப்போ ஆட்டுக்குட்டிக்கு யார் பொறுப்பு? முதலில் குற்றவாளி யாருன்னு கண்டுபிடிக்கணும். ராத்திரியில் ஏழெட்டு ஆடு கடிபட்டுச் செத்துக் கிடக்குது, ஒண்ணையும் தின்னல என்றால் பெரும்பாலும் அது தெருநாய்க் கூட்டம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்தது நரியால் இல்லை, நாய்களால். ஒரே ஒரு கோழி சத்தமில்லாமல் காணோம் என்றால் காட்டுப்பூனையாக இருக்கலாம். முட்டையும் குஞ்சும் பகல்லயே போனால் கீரி. தடம், கடி, நேரம் மூணையும் பார்க்காமல் நரி மேல பழி போடுறது, டேட்டா இல்லாமல் கன்க்ளூஷன் எழுதுற லேப் ரெக்கார்டு மாதிரி.

நரியும் காட்டுப்பூனையும் பெரும்பாலும் தின்பது எலியைத்தான் என்பதையும் கணக்கில் சேர்க்கணும். மக்காச்சோளமும் கடலையும் போடுற மாவட்டத்தில் அது கூலி வாங்காத காவல்காரன்.

அடுத்தது கூண்டு. நம்ம பாட்டிங்க பஞ்சாரத்துல கோழியைக் கவுத்து, மேல ஒரு கல்லை வெச்சாங்க. கீதாரிங்க கிடையைச் சுத்திப் படல் கட்டி, ராத்திரி முறை போட்டுக் காவல் இருந்தாங்க. அதே யோசனையை இன்றைய பொருளில் செய்யலாம். தொளதொளன்னு இருக்கிற கோழி வலைக்குப் பதில் அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ். கீரி தோண்டும், அதனால மெஷ்ஷை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கமா மடிச்சு விடணும். கதவுக்குக் கயிறு போதாது, கொண்டி போடணும். பொழுது சாயறதுக்கு முன்னாடி அடைக்கணும். விளக்கோ சத்தமோ ஒரே மாதிரி வெச்சா ஒரு வாரத்துல நரி பழகிடும். நேரமும் இடமும் மாறிக்கிட்டே இருக்கணும். இங்கதான் நம்ம வேலை இருக்கு. ஒரு அசைவு உணரும் சென்சார், ஒரு சோலார் பேனல், ஒரு மைக்ரோகன்ட்ரோலர். ஆள் இல்லாமலேயே பொழுது சாய்ந்ததும் மூடுற கூண்டுக் கதவு. வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோவையே மினி ப்ராஜெக்ட்டா காட்டுறோமே, அதுக்குப் பதில் இதைச் செஞ்சு ஒரு ஆட்டுக்காரர் பட்டியில் மூணு மாசம் ஓட விட்டுப் பார்த்தா என்ன?

நல்ல காரியத்துக்குப் போய் ஜெயிச்சு வந்தவனை "நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்கிற ஊர் இது. அதே நம்பிக்கையை வெச்சே சேலம் வாழப்பாடி பக்கம் பொங்கலுக்கு வங்காநரியை வலை போட்டுப் பிடிச்சு ஊருக்குள் ஓட விட, வனத்துறை அபராதம் போட்ட கதையும் உண்டு. பெரியவங்க இன்னொரு பழமொழியும் சொல்வாங்க: நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம போனா சரி. பட்டியும் கூண்டும் கெட்டியா இருந்தா அது அது பாட்டுக்குப் போயிடும்.

அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கச் சொல்லும்போது இந்தக் கூண்டுக் கதவை எழுதிக் கொடுங்க. ட்ரிபிள்ஈ, இசிஈ, மெக்கானிக்கல் மூணு டிபார்ட்மென்ட்டும் சேர்ந்தாத்தான் முடியும். ஏர் கன்னுக்கு ஒதுக்கி வெச்ச காசுல பாதிக்கு மேல செலவாகாது.