சொல்லின் வேரைப் பிடியுங்கள்

திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ளார்: "என் மகன் தமிழ் வழியில் படித்துப் பட்டயம் பெற்றவன். துறைமுகத்தைச் சார்ந்த அலுவலகங்களில் வேலை தேடுகிறான். நேர்முகத் தேர்வில் ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் தலைகுனிந்து திரும்புகிறான். அகராதியைப் பார்த்து நாளுக்கு 20 சொற்களை மனனம் செய்கிறான். வாரம் முடிவதற்குள் மறந்துவிடுகிறான். இவனுக்கு ஆங்கிலம் வராதா?"

வரும், சகோதரி! குறை பிள்ளையிடம் இல்லை. கற்கும் முறையில் இருக்கிறது. வேர் அறியாமல் மனனம் செய்த சொல் மண்ணில் குத்திய குச்சியைப் போன்றது, அது தழைக்காது.

நாள்தோறும் கண்ணில் படும் சொற்களிலிருந்தே அவர் தொடங்கட்டும். இலத்தீன் மொழியில் 'போர்த்தாரே' என்றால் சுமத்தல். உள்ளே சுமந்து வருவது இம்போர்ட், வெளியே சுமந்து செல்வது எக்ஸ்போர்ட், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமப்பது டிரான்ஸ்போர்ட், செய்தியைச் சுமந்து வந்து தருவது ரிப்போர்ட், சுமப்பவர் போர்ட்டர், சுமக்கத் தக்கது போர்ட்டபிள். ஒரே வேரில் ஆறு சொற்கள்!

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு மற்றொரு திறவுகோலும் உண்டு. சுங்கவரிப் பட்டியலைக் குறிக்கும் 'டாரிஃப்', அறிவித்தல் எனப் பொருள்படும் 'தஃரீஃப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கடற்படைத் தலைவரான 'அட்மிரல்' நமது 'அமீர்' வழி வந்தவர். 'மான்சூன்' என்பது பருவத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்'.

'ஆவரேஜ்' என்றால் சராசரி என்று மட்டுமே நம் பிள்ளைகள் அறிவர். சேதத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லே அதன் மூலம் என்பர். கப்பலைக் காப்பாற்றுவதற்காகச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த இழப்பைக் கப்பல் உடைமையாளரும் சரக்குடையோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்வர். இதற்குக் கப்பல் தொழிலில் 'ஜெனரல் ஆவரேஜ்' என்று பெயர். இழப்பைப் பங்கிட்ட அந்தக் கணக்கிலிருந்தே சராசரி என்னும் பொருளும் கிளைத்தது. வேரை அறிந்த பிள்ளை இத்தகைய இடத்தில் தடுமாறமாட்டான்.

இனி, செயல்முறை. ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரையச் சொல்லுங்கள்: சொல், அதன் வேர், அதன் உறவுச் சொற்கள், தாமே அமைத்த ஒரு வாக்கியம். நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். மறுநாளும், ஏழாம் நாளும், முப்பதாம் நாளும் பொருளை மறைத்து வைத்து நினைவுகூர வேண்டும். ஆண்டில் 300 நாட்கள் முயன்றாலும் 1,500 சொற்கள் சொந்தமாகும். வீட்டில் மகள் இருந்தால் அவளுக்கும் ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகட்டும்.

நம் மீனவரின் கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' என்று ஆங்கிலம் ஏற்றுக்கொண்டது. பிறரிடம் சொல் பெற ஆங்கிலமே நாணவில்லை; ஆங்கிலம் கற்க நாம் ஏன் நாண வேண்டும்? தலைகுனிந்து திரும்பிய தம்பி ஒருநாள் தலைநிமிர்ந்து வருவார், இன்ஷா அல்லாஹ்!