ஸ்தல புராணமா? ஊர்ச் சரித்திரமா?

காரியாபட்டிப் பக்கத்துக் கிராமவாசி ஒருவரைப் பார்த்து, "உங்கள் ஊர்ச் சரித்திரம் என்ன?" என்று கேட்டால், அவர் உடனே ஊர்ச்சாமியின் சரித்திரத்தைச் சொல்ல ஆரம்பித்து விடுகின்றார். எந்த ரிஷி எங்கே தவம் செய்தார், எந்த அசுரன் எப்படி மாண்டான் என்பதெல்லாம் அவருக்கு நன்றாய்த் தெரியும். ஆனால் தன் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த ஓடை வழியாய் வருகின்றது, அந்த ஓடையை மறித்தவன் யார், 1876 முதல் 1878 வரையிலான தாதுவருஷப் பஞ்சத்தில் தன் ஊரில் எத்தனை வீடுகள் பாழாயின என்று கேட்டால் மாத்திரம் விழிக்கின்றார். இது அவர் குற்றமென்று நாம் சொல்ல மாட்டோம். அவருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

திருச்சுழியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தை அழிக்க வந்த பிரளயத்தைச் சிவபெருமான் சூலத்தால் பூமியில் குத்தி, அந்தத் துவாரத்திற்குள் சுழித்து இறங்கும்படி செய்தாராம். அதனால்தான் ஊருக்குச் சுழியல் என்று பெயர் வந்ததாம். சரி, பூகோளம் என்ன சொல்லுகின்றது? இது கரிசலும் மானாவாரியுமான வறண்ட பூமி. பருத்தியும், சோளமும், குதிரைவாலியும், மல்லியும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கப்படுபவை. குண்டாறோ வருஷத்தில் பெரும்பாகம் வெறும் மணலாய்க் கிடக்கின்றது. இப்படிப்பட்ட சீமையில், வந்த வெள்ளத்தையெல்லாம் கடவுள் ஓட்டைக்குள் விட்டாரென்றால், அதில் ஒரு பங்கைக் கண்மாயில் விட்டிருக்கக் கூடாதா என்று கேட்டால் நாம் நாஸ்திகர்களாம்!

நிற்க. நமக்கு உண்மையான சரித்திரம் இல்லாமலில்லை. காரியாபட்டித் தாலுகாவிலுள்ள குரண்டியில் ஆயிரம் வருஷங்களுக்கு முன் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்தது. மதுரைக்கு மேற்கேயுள்ள சமணர்மலைக் கல்வெட்டுகளிலே வெண்பு நாட்டுக் குரண்டியின் பெயர் வெட்டப்பட்டிருக்கின்றது. சமண மதத்தில் நமக்குப் பற்றுதல் ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பொட்டலிலே ஒரு காலத்தில் பெயர்பெற்ற ஆசிரியர்களும் மாணாக்கர்களும் இருந்தார்கள் என்பதைக் குரண்டிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்?

குண்டாற்றின் கீழேயுள்ள கமுதியில் 1897-ல் நாடார்கள் கோவிலுக்குள் போனார்கள். அது குற்றமென்று கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டு, 1908-ல் சீமையிலுள்ள பிரிவி கௌன்சில் வரைக்கும் போய், உள்ளே போகக்கூடாதென்றே தீர்ப்பாயிற்று. இதுவும் இந்தப் பூமியின் சரித்திரந்தான். இது எந்த ஸ்தல புராணத்தில் இருக்கின்றது?

ஐரோப்பாவிலே செக்கோஸ்லோவாகியா என்ற தேசம் 1918-ல் விடுதலை அடைந்தது. அடைந்த இரண்டாம் வருஷமே, அதாவது 1920-ல், ஒவ்வொரு ஊரும் தன் நினைவுப் புத்தகம் ஒன்றை எழுதி வரவேண்டுமென்று சட்டம் செய்தார்கள். அந்தத் தேசம் 1993-ல் இரண்டாய்ப் பிரிந்த பிறகும், செக் நாட்டில் 2006-ல் மறுபடி சட்டம் செய்து அவ்வழக்கத்தை நடத்தி வருகின்றார்கள். சில நூறு பேர் வசிக்கும் சிற்றூரிலுங்கூட, அவ்வருஷம் ஊரில் நடந்தவற்றை எழுத ஒருவர் இருக்கின்றார். பிழையிருந்தால் ஊரார் திருத்தச் சொல்லலாம். புராணத்தில் பிழை சொன்னாலோ நரகம்!

ஆதலால் நாம் சொல்வதெல்லாம், ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள் என்பதுதான். மழை எவ்வளவு பெய்தது, கண்மாய் நிறைந்ததா, வரத்துக்காலில் சீமைக் கருவேல் எவ்வளவு தூரம் மண்டியது, எத்தனை பேர் பிழைப்புக்கு வெளியேறினார்கள், எத்தனை பெண்கள் படித்தார்கள் என்று எழுதுங்கள். இதற்குப் பணமேது என்பீர்களானால், கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போடுகிற ஊருக்கு ஒரு நோட்டு வாங்கவா வழியில்லை என்று கேட்கின்றோம்.

ஒன்று மாத்திரம் கவனம் வேண்டும். அந்தப் புத்தகத்தை மேலத்தெருக்காரரே எழுதி மேலத்தெருக்காரரே வைத்துக்கொண்டால் அது இன்னொரு புராணமாய்ப் போகும். ஊரின் பூகோளம் என்பது ஆறும் கண்மாயும் மட்டுமல்ல. ஊர் ஒரு பக்கமும், சேரி ஒரு பக்கமும், சுடுகாடு இரண்டுமாய் இருப்பதும் பூகோளந்தான். இதைக் கடவுள் படைக்கவில்லை, மனிதன் வகுத்தான். ஆகவே முதற் பக்கத்தில் ஊரின் படத்தைப் போட்டு, இந்தப் பிரிவினையை யார், எதற்காக வகுத்தார்கள் என்று சேரித் தோழரைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். அதைத் தைரியமாய்ப் படிக்கிற ஊர் எதுவோ, அதுவே சரித்திரமுள்ள ஊர் என்போம்.