குடித்தனக் கணக்கும் கடன் நிவர்த்தியும்

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நிலமுடைய குடித்தனக்காரர் ஒருவரை அணுகி, சென்ற பிசானத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று வினவினால், அவர் தயங்காது விடை கூறுவார். உரம் எவ்வளவு இட்டார், நடவுக்கு எத்தனை ஆள் விட்டார், அறுவடை இயந்திரத்திற்கு மணிக்கு என்ன வாடகை கொடுத்தார் என்பனவும் அவர் நாவின் நுனியில் நிற்கும். ஆனால் சென்ற வருஷம் தம் வீட்டுச் செலவு மொத்தம் எவ்வளவு, அதில் வட்டியாகப் போனது எவ்வளவு என்று கேட்டால், அவர் சற்று நேரம் மௌனமாயிருந்து பின்னர் வேறு பேச்சுக்குச் செல்வார். பத்தமடையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இக்கேள்வியை நான் பலரிடம் கேட்டதுண்டு. வயலின் கணக்கை அறிந்தவர் அநேகர். வீட்டின் கணக்கை அறிந்தவர் மிகச் சிலரே.

நம்மவர்கள் கணக்கு எழுத அறியாதவர்கள் என்று எவரும் கூறத் துணியார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு தவறாது எழுதப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தப்பட்டும் வருகிறது. அதுவே மொய் நோட்டு. எவர் வீட்டு விசேஷத்தில் எவர் எவ்வளவு செய்தார் என்பது அதில் ஊர்ப்பெயருடன் காணும். பிறருக்குத் திருப்பிச் செய்யவேண்டிய தொகையை இத்தனை நுட்பமாக எழுதத் தெரிந்த குடும்பம், தனக்கென ஒரு நோட்டு வைத்துக்கொள்ளாதது விந்தையே.

இவ்வூரில் கோரைப் பாய் நெய்யும் வீடுகளில் நிலைமை வேறு. தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரையைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மறுபடியும் நுண்ணியதாகக் கீறிப் பருத்தி நூற்பாவில் நெய்கின்றனர். நயமான பாய் ஒன்று முடிய வாரங்கள், சில வேளைகளில் மாதங்களும் செல்லும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற இத்தொழிலில் கூலி சிறுகச் சிறுகவே கைக்கு வருகிறது. அவ்வீடுகளிலும் கடன் உண்டு. ஆனால் அது வருமானம் போதாமையால் நேரும் கடன். வயற்காரர் வீட்டுக் கடனோ பெரும்பாலும் வருமானம் வரும் காலமும் செலவு வரும் காலமும் பொருந்தாமையால் நேர்வது. இவ்வேற்றுமையை உணராமல் சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில் பயன் இல்லை.

நம் பள்ளத்தாக்கின் வருஷத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பிசான அறுவடை மாசி, பங்குனியில் முடிந்து, நெல் விற்ற பணம் கைக்கு வருகிறது. அதனை எதிர்நோக்கியிருப்பவை சித்திரை, வைகாசி மாதங்களில் நிகழும் கோயில் கொடைகளும் கல்யாணங்களும் சடங்குகளும். ஜூன் மாதத்தில் பாபநாசம் அணையிலிருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடும்போது, உழவுக்கும் நாற்றுக்கும் உரத்துக்கும் பணம் தேவைப்படுகிறது, பெட்டியிலோ ஒன்றுமில்லை. முதற்கடன் அங்கே பிறக்கிறது. கார் நெல் புரட்டாசியில் அறுவடையாகிறது. அதன் பணத்தைத் தீபாவளி எதிர்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பிசான நடவு வந்ததும் இரண்டாவது கடன். இவ்வாறு ஒவ்வோர் அறுவடையின் வாசலிலும் ஒரு விசேஷமும், ஒவ்வொரு நடவின் வாசலிலும் ஒரு கடன் பத்திரமும் நிற்கின்றன. அணையில் நீர் போதாத வருஷங்களில் காருக்குத் தண்ணீர் விடப்படுவதே இல்லை. அத்தகைய வருஷத்தில், வராத மகசூலை நம்பி வைகாசியிலேயே செலவு செய்துவிட்டவர் நிலை சொல்லத்தக்கதன்று.

மகசூல் பெருகினால், அல்லது நெல் விலை ஏறினால் கடன் தானே தீரும் என்று பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. சென்னை மாகாணத்தில் விவசாயிகளின் கடன் 1939-ல் ஏறக்குறைய 272 கோடி ரூபாயாக இருந்து, யுத்த காலத்து விலையேற்றத்தால் 1945-ல் 218 கோடி அளவுக்கு இறங்கியதென்று பி. வி. நாராயணசாமி நாயுடு அவர்கள் அரசாங்கத்துக்காக நடத்திய விசாரணை கண்டது. விற்க நெல் வைத்திருந்த பெருநிலக்காரர் அச்சமயத்தைப் பயன்படுத்திக் கடனைத் தீர்த்தனர். விற்க ஒன்றுமில்லாத கூலியாளின் கடனோ அதே காலத்தில் ஏறியது. இதற்கு மாறாக, பஞ்சாபில் பணியாற்றிய மால்கம் டார்லிங் என்னும் அதிகாரி 1925-ல் வெளியிட்ட நூலில், அந்நாட்டில் கால்வாய்களும் நல்ல விலையும் வந்த பின்னர் கடன் குறையாமல் வளர்ந்ததை எடுத்துக் காட்டினார். நிலத்தின் மதிப்பு ஏறவே அதன்மேல் கடன் கொடுப்போர் பெருகினர். கொடுப்போர் பெருகவே வாங்குவோரும் பெருகினர். ஆகவே நல்ல விலை ஒரு சந்தர்ப்பமே. அது கடனைத் தீர்ப்பதும் வளர்ப்பதும் அந்தப் பணம் முதலில் எங்கே செல்கிறதென்பதைப் பொறுத்தது.

சட்டத்தையும் சர்க்காரையும் நம்பியிருப்போரும் உளர். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் வாங்கிய கடன்களில் 1937 அக்டோபர் வரை நின்றிருந்த வட்டி முழுவதையும் நீக்கியது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாக வைத்தது. அது பலருடைய நிலத்தைக் காத்தது என்பதில் ஐயமில்லை. நம் காலத்திலும் 2006, 2016, 2021 ஆகிய வருஷங்களில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன்கள் தள்ளுபடியாயின. 2021-ல் மட்டும் 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கடன் நீக்கப்பட்டது. ஆயினும் 2019-ல் எடுக்கப்பட்ட மத்திய சர்க்காரின் மாதிரிக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் விவசாயக் குடும்பங்களில் நூற்றுக்கு 65 கடன்பட்டவை. குடும்பத்திற்குச் சராசரிக் கடன் 1,06,553 ரூபாய். தள்ளுபடி செய்யப்படுவது சங்கத்துக் கடனே. அடுத்த தெருவில் மூன்று வட்டிக்கு வாங்கிய கைக்கடனை எந்த அரசாணையும் தள்ளியதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். விவசாயியின் கடனுக்கு அவனுடைய ஆடம்பரமே காரணம் என்பது பணம் கொடுப்பவன் கூறும் பழைய பழி அல்லவா? ஆம். 1875-ல் புனா, அகமத்நகர் ஜில்லாக்களில் குடியானவர்கள் கடன் பத்திரங்களைப் பறித்து எரித்த கலகத்தை விசாரித்த கமிஷனே, கல்யாணச் செலவுக்கு அளவுக்கு மிஞ்சிய முக்கியத்துவம் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது என்று கூறிற்று. உணவு, விதை, மாடு, தீர்வை என்னும் சிறு தேவைகளே சேர்ந்து பெருங்கடனாயின. ஒரு ஏக்கரைப் பாட்டத்துக்கு எடுத்து உழுபவனிடம் சென்று செலவைக் குறை என்று சொல்வது எனக்கும் உடன்பாடன்று. அவனிடம் குறைப்பதற்கு யாதுமில்லை. நான் எழுதுவது சொந்த நிலமும் இரண்டு போக நீரும் இருந்தும் கடனில் நிற்பவர்களுக்கே. அவர்களுக்கும் அந்தக் கமிஷனின் சொல் ஒரு பாடமாகும்: பெரிய செலவை மட்டும் நோக்காமல் நாள்தோறும் நிகழும் சிறு செலவையும் நோக்கவேண்டும்.

ஒரு கணக்கை உதாரணமாகக் கொள்வோம். டீக்கடை, வெற்றிலை பாக்கு, சிகரெட்டு, காரணமின்றிச் செய்த டவுன் பிரயாணம் இவற்றில் ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 100 ரூபாய் செல்வதாக வைப்போம். வருஷத்துக்கு 36,500 ரூபாய். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் வாங்கிய ஒரு லட்சத்துக்கு வருஷ வட்டி 36,000 ரூபாய். அதாவது அவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை. மாதம் 3,000 ரூபாய் வட்டியை மட்டும் செலுத்தி வருபவர் ஆயுள் முழுவதும் செலுத்தினாலும் அசல் அசையாது. அவர் அந்த 100 ரூபாயையும் நிறுத்தி, மாதம் 6,000 ரூபாயாகச் செலுத்தினால் 24 மாதத்துக்குள் அசலும் வட்டியும் தீர்ந்துவிடும். இதனைச் சேரன்மகாதேவியில் ஒரு நண்பரிடம் கூறியபோது அவர் நம்பவில்லை. காகிதமும் பென்சிலும் கொடுத்து அவரையே போட்டுப் பார்க்கச் செய்தேன். டீ குடிப்பதை அவர் விடவில்லை. வீட்டில் குடிக்கத் தொடங்கினார். அதுவே போதும்.

வட்டியின் வேற்றுமையையும் அறிந்துகொள்ளவேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்தினால் வட்டியே இல்லை. நகைக்கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டிய வட்டி. வெளிக்கடனுக்கு மூன்று, சில இடங்களில் ஐந்து. இவ்வாறிருக்க, பெண்ணின் கல்யாணத்துக்கென்று நகையைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு மூன்று வட்டி கட்டுவோர் எத்தனை பேர்! நகையைச் சங்கத்தில் வைத்து வெளிக்கடனை அடைத்தால், ஒரு லட்சத்துக்கு வருஷம் 24,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் அடகு வைத்த பணம் அன்றைக்கே கடன்காரர் கைக்குச் சென்று பத்திரம் திரும்பி வரவேண்டும். இரண்டு நாள் வீட்டில் தங்கினால் அதற்கு வேறு வழி பிறந்துவிடும். பின்னர் கடன் இரண்டாகும்.

நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் குறித்தே தடை செய்யும் சட்டம் இம்மாநிலத்தில் 2003-ல் வந்தது. அதன் பின்னரும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையென்று முறையிட்டு ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே மாண்டுபோனதை இந்த ஜில்லா மறக்கவில்லை. நிலமுள்ளவருக்கு அந்த நிலை வாராது என்று எண்ணற்க. நிலம் அதனைச் சில வருஷங்கள் தள்ளிவைக்கும், அவ்வளவே.

இனிச் செய்யவேண்டியது யாது? முன்னாளில் நம் வீடுகளில் விதைக்கோட்டை கட்டி வைப்பார்கள். வைக்கோற்பிரியால் இறுகச் சுற்றிச் சாணம் மெழுகி வைத்த அந்த நெல்லை, வீட்டில் உலை ஏறாத நாளிலும் எவரும் பிரிக்கமாட்டார்கள். பிரித்தால் அடுத்த வெள்ளாமை இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். இப்போது விதையைக் கடையில் வாங்குகிறோம். விதையோடு உழவுக் கூலி, உரம், மருந்து யாவும் பணமாகிவிட்டன. ஆயின் பணத்துக்கு ஒரு விதைக்கோட்டை கட்டும் வழக்கம் நம்மிடம் வரவில்லை. நெல் விற்ற அன்றே, வீட்டுக்குள் கொண்டுவருமுன், அடுத்த போகத்தின் சாகுபடிச் செலவைத் தனியாகச் சங்கத்திலோ பாங்கியிலோ போட்டுவிடவேண்டும். அதற்கு அடுத்தபடி தவணைக் கடன். பின்னர்ச் சாப்பாட்டு நெல். எஞ்சியதை அடுத்த அறுவடை வரையுள்ள மாதங்களால் வகுத்தால், ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு எவ்வளவு என்பது விளங்கும். பங்குனியில் பார்க்கும்போது பெருந்தொகையாகத் தோன்றும் பணம், ஆறால் வகுத்தவுடன் எத்தனை சிறிதாகிறது என்பதைக் கண்டால் கொடை வரியும் பந்தலும் தாமே குறுகும்.

வீட்டுக் கணக்கைப் பசலி வருஷப்படி, ஜூலை முதல் ஜூன் வரை எழுதுவது நலம். அடங்கலும் அவ்வாறே செல்வதால் நிலக் கணக்கோடு ஒத்துப் பார்க்கலாம். தாலுகாவில் ஜமாபந்தி நடக்கும் மே, ஜூன் மாதங்களில் வீட்டிலும் ஒரு ஜமாபந்தி நடத்தலாம். அதற்கு மனைவியையும் வயது வந்த மக்களையும் அழைக்கவேண்டும். கடனின் அளவை மனைவிக்கு மறைத்து வைப்பது ஆண்மை என்று சிலர் எண்ணுகிறார்கள். அரிசியும் பருப்பும் அளந்து போடுபவரிடம் கடனை மறைத்துவிட்டு எந்தச் செலவைக் குறைப்பது? நோட்டை அவர் கையில் கொடுத்த வீடுகளில் கணக்கு தவறாமல் நடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்வார் யாருமில்லை. மணமக்கள் பெயரை நெய்த பத்தமடைப் பாய் ஒன்றைச் சீராகக் கொடுத்தால், அது பல வருஷம் வீட்டில் கிடக்கும்; கூலியும் நம் ஊரிலேயே தங்கும். நாற்சந்தியில் கட்டிய விளம்பரப் பதாகை மறுநாள் மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாகிறது. கடன் வாங்கிச் செய்வதானால் முதலில் நீக்கவேண்டியது எது என்று தெரிந்துகொள்ள இதற்குமேல் விளக்கம் வேண்டா.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிர்க்கடன் மனுவுக்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். நடவுக்குப் பத்து நாள் முன்னதாக அவை கைக்கு வந்தால், விவசாயி வட்டியில்லாக் கடனைப் பெறுகிறான். பத்து நாள் பின்னதாக வந்தால், அதற்குள் மூன்று வட்டிக்கு வாங்கி நட்டு முடித்திருப்பான். சங்கத்துக்காரர்களும் பழைய கடனைக் கட்டிப் புதுக்கடன் பெறும் இடைநாட்களைக் குறைக்கவேண்டும். அந்தச் சில நாட்களுக்காக வெளியே பெருவட்டிக்கு வாங்கி வந்து சங்கத்தில் கட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டென்பது யாவரும் அறிந்ததே. அந்த வட்டி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கார் சாகுபடிக்குரிய சான்றுகளை மே மாதக் கடைசிக்குள்ளும், பிசானத்துக்குரியவற்றைப் புரட்டாசி முடியுமுன்னும் கொடுத்துவிட முடியுமானால், கால்வாயில் தண்ணீர் வரும் நாளில் குடித்தனக்காரர் நேரே வயலுக்குச் செல்வார்.