"கிராஃபிக்ஸ் சுப்பர், மிஷன் கஷ்டம்" – இவ்வளவுதானா நமது கருத்து?



கொஞ்சம் நீளமான பதிவு. கேம் ஆடுகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். ஆடாதவர்கள் அதைவிடக் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் இடைவேளை நேரம். பத்தாம் தரத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சத்தமாகக் கதைத்துக் கொண்டிருந்தார்கள். விஷயம் டெல்டா ஃபோர்ஸ் கேம். 2025 பெப்ரவரியில் அதில் இலவசமாகச் சேர்த்த 'பிளாக் ஹோக் டவுன்' பகுதி நல்லதா, 2003இல் வந்த பழைய பிளாக் ஹோக் டவுன் நல்லதா என்று வாக்குவாதம்.

"புதுசுல கிராஃபிக்ஸ் சுப்பர்" என்றான் ஒருவன். "தனிய ஆட ஏலா, நாலு பேர் வேணும்" என்றான் இன்னொருவன். "பழசுதான் பெஸ்ட். எங்கட வாப்பாட கொம்பியூட்டர்ல இன்னும் ஈக்கி" என்றான் மூன்றாமவன்.

பக்கத்தில் நின்ற நாங்கள் இரண்டு ஆசிரியர்களும் கேட்டோம்: "இது எந்த நாட்டில நடக்குது?"

"ஆபிரிக்கா, சேர்."

"ஆபிரிக்காவில எந்த நாடு?"

பேச்சில்லை.

"நீங்க சுடுறது யாரை?"

"எனிமிய, சேர்."

"அவங்க ஏன் சண்டை பிடிக்கிறாங்க?"

"அந்த ஸ்டோரி எல்லாம் ஸ்கிப் பண்ணிடுவோம், சேர்."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் இருபது வருடத்துக்கு முன் எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்போம்.

கண்டி டவுனில் மாடிப்படி ஏறிப் போகும் அந்த நெட் கஃபேகள் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். டியூஷன் முடிந்து கட்டுகஸ்தோட்டை பஸ் ஏறுவதற்கு முன் ஒரு மணித்தியாலம். 2004 ஜனவரியில் பிளாக் ஹோக் டவுனுக்கு 'டீம் சேபர்' என்ற எக்ஸ்பான்ஷன் வந்தது. அதாவது பழைய கேமுக்கு மேல் சேர்த்து விற்கும் புதுப் பகுதி. கொலம்பியாவில் ஒரு தொகுதி மிஷன், ஈரானில் ஒரு தொகுதி. அதைப் பற்றி நாங்கள் எவ்வளவு விவாதித்தோம்! எதிரி தூரத்திலிருந்தே குறி தப்பாமல் சுடுகிறான், சேவ் பண்ண விடுவது போதாது, பழையதை விடக் கஷ்டம், ஆனால் புதுத் துவக்குகள் நல்லம். இவைதான் எங்கள் விமர்சனங்கள். "நாம் ஏன் ஈரானுக்குள் நிற்கிறோம்?" என்று எங்களில் ஒருவராவது கேட்கவில்லை. லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து சுட்டோம். யாரைச் சுட்டோம் என்று தெரியாது.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறோம்.

பிளாக் ஹோக் டவுன் நடப்பது சோமாலியாவில். 1993 ஒக்டோபர் 3, 4ஆம் திகதிகளில் மொகதிஷுவில் நடந்த சண்டை. 18 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அந்த 18 பேரின் பெயர்களும் உலகத்துக்குத் தெரியும். இந்த நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சரியான எண்ணிக்கைகூடக் கிடையாது. ஏறத்தாழ முழுக்க முஸ்லிம்கள் வாழும் நாடு அது. நம்மைப் போலவே அந்த ஆண்களும் சாரம் உடுத்துகிறவர்கள்.

ஜெனரல் அய்தீதின் ஆட்கள் அப்பாவிகள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதே வருடம் ஜூன் 5ஆம் திகதி ஐ.நா. படையில் இருந்த 24 பாகிஸ்தான் வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆனால் ஜூலை 12ஆம் திகதி கோத்திரப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டின் மீது அமெரிக்க ஹெலிகொப்டர்கள் ஏவுகணை வீசின. அதிலும் பலர் மாண்டார்கள். ஒக்டோபரில் அந்த ஊர்ச் சனங்கள் ஏன் ஹெலிகொப்டரைப் பார்த்துச் சீறினார்கள் என்பது ஜூலை தெரிந்தால்தான் விளங்கும். இன்னொன்று. அன்றிரவு சிக்கிக்கொண்ட அமெரிக்கர்களை மீட்கப் போன அணியில் பாகிஸ்தானின் டாங்கிகளும் மலேசியாவின் கவச வாகனங்களும் இருந்தன. மலேசிய வீரர் ஒருவரும் பாகிஸ்தான் வீரர் ஒருவரும் அந்த மீட்பில் உயிரிழந்தார்கள். சுட்டவரிலும் முஸ்லிம், காப்பாற்றியவரிலும் முஸ்லிம். கேம் ஆடி முடித்த நமக்கு முதலாமவர் மட்டும்தான் ஞாபகம், அதுவும் 'எனிமி' என்ற பெயரில்.

ஈரானுக்கு வருவோம். உண்மையான டெல்டா ஃபோர்ஸ் ஈரானுக்குப் போனது 1980 ஏப்ரலில். தெஹ்ரான் தூதரகத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்களை மீட்கப் போனார்கள். ஹெலிகொப்டர்கள் பழுதாகி, பாலைவனத்தில் ஒரு விமானத்தோடு ஒரு ஹெலிகொப்டர் மோதி, 8 பேர் இறந்து, தெஹ்ரானைக் காணாமலே திரும்பினார்கள். நிஜத்தில் தோற்ற நாட்டில் டீம் சேபர் ஒரு வெற்றியை விற்றது. பிளாக் ஹோக் டவுன் வெளியானது 2003 மார்ச்சில். ஈராக் படையெடுப்பு தொடங்கியதும் அதே மாதம். 2025 ஜூனில் ஈரான் மீது உண்மையாகவே அமெரிக்கக் குண்டுகள் விழுந்தபோது, எங்கள் வயதுக்காரர்கள் பலர் அந்த நாட்டை முதன்முதலில் 'பார்த்தது' ஒரு துவக்கின் குறிக்கண்ணாடி வழியாக என்பது உறைத்தது.

"கேமை கேமா பாருங்க, இதுக்குள்ள அரசியல் வேணாம்" என்று சிலர் இப்போதே கீழே எழுதத் தொடங்குவீர்கள். பொறுங்கள்.

2010இல் 'மெடல் ஒஃப் ஒனர்' கேமில், பலபேர் சேர்ந்து ஆடும் பகுதியில் ஒரு தரப்புக்கு 'தலிபான்' என்று பெயர் வைத்தார்கள். இறந்த அமெரிக்கப் படைவீரர்களின் குடும்பங்கள் மனம் நொந்து பேசின. வெளியாவதற்கு முன்பே பெயர் மாற்றப்பட்டது. அங்கே யாரும் "இது வெறும் கேம்தானே" என்று சொல்லித் தப்பவில்லை. 2012இல் 'கோல் ஒஃப் டியூட்டி' கேமின் ஒரு மெப்பில், குளியலறைச் சுவரில் மாட்டிய சட்டத்துக்குள் இஸ்லாமிய வாசகம் இருப்பதை முஸ்லிம் ஆட்டக்காரர்கள் கண்டு சொன்னார்கள். மெப்பையே எடுத்துவிட்டுத் திருத்தினார்கள். 2021இல் அதே வரிசையின் இன்னொரு கேமில் குர்ஆன் பக்கங்கள் தரையில் கிடந்தன. முஸ்லிம் ஆட்டக்காரர்கள் பேசினார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நீக்கியது.

ஆக, ஆடுகிறவரின் கருத்துக்கு வலிமை உண்டு. காகிதத்தில் எழுதிய வசனத்துக்காகப் பேசினோம், நல்லது, பேசத்தான் வேண்டும். அந்த வசனத்தை ஓதும் மனிதன் அதே தரையில் சுடப்பட்டுக் கிடக்கும்போது நமது கருத்து "கிராஃபிக்ஸ் சுப்பர்". இது எங்களைக் குத்துகிறது. உங்களைக் குத்தவில்லையா?

அடுத்து நம் பெரியவர்களுக்கு. "கேம் ஹராம், போனைப் பறியுங்கள்" என்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. எந்தக் கேம், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களா? பறித்த போன் இரவு பதினொரு மணிக்குத் திரும்பிப் போகிறது. கேள்வி மட்டும் போகவில்லை. கேம் ஆடுகிறவன் எல்லாம் கொலைகாரன் ஆகிவிடுவான் என்ற பயமுறுத்தலையும் விடுங்கள். நாங்கள் ஆயிரம் பேரைத் திரையில் சுட்டவர்கள், ஒரு கோழி அறுக்கவே கை நடுங்கும். எங்களுக்கு வந்த கேடு வேறு. நம்மைப் போன்ற ஒருவரை, பெயரும் ஊரும் இல்லாத ஓர் உருவமாகப் பார்க்கப் பழகினோம்.

அந்தப் பார்வை என்ன செய்யும் என்று கண்டியில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2018 மார்ச்சில் திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, போனில் சுற்றிய வீடியோக்களில் நாமும் பெயரில்லாத உருவங்கள்தான். 2019 மே மாதம் ஹசலகையில் ஒரு சகோதரி, உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று யாரோ நினைத்ததால் கைது செய்யப்பட்டார். படத்தைச் சரியாகப் பார்க்கத் தெரியாதவர்களால் நொந்த சமூகம் நாம். நம் பிள்ளைகளுக்காவது படம் பார்க்கத் தெரிய வேண்டாமா?

ஆகவே தம்பிமாரே, ஆடாதே என்று சொல்லவில்லை. ஆடினால் இந்த மூன்றையும் கேளுங்கள். இது யாருடைய ஊர்? இந்தக் கதையைச் சொல்கிறவர் யார்? சுடப்படுகிறவருக்கு ஒரு பெயராவது இருக்கிறதா? கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு கிராஃபிக்ஸுக்கு எத்தனை மார்க் வேண்டுமானாலும் போடுங்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இரண்டு நாள் கழித்து வந்தான். "சேர், சோமாலியாட தலைநகரம் மொகதிஷு. அங்க பள்ளியெல்லாம் ஈக்கி சேர்" என்றான். ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி அவ்வளவு சந்தோஷம். எங்களுக்குச் சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. இதைச் சொல்லிக் கொடுக்க இருபது வருடம் எங்கே போனோம்?

டீம் சேபர் ஆடிய பழைய கூட்டாளிமார் இருந்தால் கீழே எழுதுங்கள். மிஷன் கஷ்டமா இலேசா என்று வேண்டாம். அன்று யாரைச் சுட்டோம் என்று நினைத்தீர்கள், அதை எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.